மாலைக்கு இரண்டு பெயர்

1. சனிக்கிழமை வகுப்பு

அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நான்காவது மாதமே எனக்கு வீடு கசந்துவிட்டது. காலையில் எழுந்து யாரையும் அதட்டாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆயர் குரோவில் டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் போன் செய்தார். "டீச்சர், வேலைக்குப் போறவங்களுக்கு சனிக்கிழமை மத்தியானம் ஒரு இங்கிலீஷ் கிளாஸ் போடுறேன். நீங்க வந்தா நல்லாருக்கும் லா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் நானே திரும்பக் கூப்பிட்டு ஒத்துக்கொண்டேன்.

இப்போது புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வந்திருப்பவர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், இலக்கியப் பாடத்தில் மூட், ஐரனி இதையெல்லாம் எப்படி நடத்துவது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் மார்க்கிங் ஸ்கீம் இருந்தால் கதை முழுக்கப் புரிந்த மாதிரி என்றுதான் நானும் ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் பதினோரு பேர். எல்லாரும் வேலை செய்கிறவர்கள். கோர்ஸ் முடிவில் ஒரு சிறுகதையைப் படித்து, அதைப் பற்றிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசினால் சான்றிதழ். அந்தத் தாளைக் காட்டினால் சில தொழிற்சாலைகளில் ஒரு படி மேலே போகலாம்.

செங் ஊர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்த செல்வராணி அதற்காகத்தான் சேர்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. காலை ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வகுப்புக்கு வருவார். கணவர் லாரி ஓட்டியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்விட்டார். ஒரே மகள் தர்ஷினி. அவளைப் படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, அந்த வருஷம் கல்யாணமும் நிச்சயமாகி இருந்தது. இதெல்லாம் முதல் நாள் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற பயிற்சியில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், தயங்காமல் சொன்னது. எனக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

2. "போலீஸ் ரிப்போர்ட் போடலாமே"

கதை, பள்ளியில் நான் வருஷக்கணக்காக நடத்திய பழைய பேய்வீட்டுப் பாணிக் கதைதான். போட்டோஸ்டேட் எடுத்து எடுத்து மேல் ஓரம் மங்கி, எழுதியவர் பெயர்கூடப் போய்விட்டது. மலைமேல் ஒரு பெரிய பழைய வீடு. அதில் தனியாக வாழும் ஒரு சீமாட்டி. கதையைச் சொல்வதும் அவள்தான். இளம் வயதில் ஒரு விருந்தில் அவள் பாட ஆரம்பித்தபோது, ஒரு பிரபு எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. பதின்மூன்று வருஷம் கழித்து, மிக அன்பாக ஒரு கடிதம் எழுதி அவனை வீட்டுக்கு அழைக்கிறாள். அவனும் வருகிறான். ஒவ்வோர் அறையாகச் சுற்றிக்காட்டுகிறாள். ஓர் அறையில் ஏழு மெழுகுவத்தி என்றால் அடுத்ததில் ஆறு. போகப் போக வெளிச்சம் குறைகிறது. அவளோ, "உங்கள் நல்ல கோட்டில் தூசி படுமே" என்று கவலைப்பட்டுக்கொண்டே கூட்டிப்போகிறாள். கடைசி அறையில் வெளிச்சமே இல்லை. அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு இறங்கி வருகிறாள்.

நான் எப்போதும் நடத்துகிற மாதிரியே நடத்தினேன். மூட் என்பது கதை நம் மேல் போடுகிற மனநிலை. மெழுகுவத்தி குறையக் குறைய நமக்குப் பயம் கூடுகிறது பாருங்கள், அது மூட். ஐரனி என்றால் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. கோட்டில் படும் தூசிக்குக் கவலைப்படுகிறவள் அந்த ஆளையே பூட்டப்போகிறாள். இன்னொரு வகையும் உண்டு: நமக்குத் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. அது டிராமாட்டிக் ஐரனி. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு கான்ட்ராக்டில் பைப் வேலை செய்யும் பாலா கையைத் தூக்கினார்.

"டீச்சர், ஒரு ஆளு சிரிச்சான்னு இவ்வளவு செய்யணுமா? வேணும்னா ஒரு போலீஸ் ரிப்போர்ட் போடலாமே லா."

"சிரிச்சதுக்கு எந்த போலீஸ் ஸ்டேஷன்ல ரிப்போர்ட் எடுப்பாங்க பாலா?"

"அப்படின்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதான். பதிமூணு வருஷம்! நானா இருந்தா அந்த ஆளு பேரே மறந்துருக்கும்."

வகுப்பு சிரித்தது. செல்வராணி சிரிக்கவில்லை. "உங்களைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிச்சதில்ல தம்பி. அதான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பாலா தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து செல்வராணியின் முறை. பேப்பரைப் பார்க்காமல் பேசினார். ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்: "இந்தப் பெண் அவனைத் தேடிப் போகவில்லை. அவனே நல்ல உடை போட்டுக்கொண்டு, கையில் பரிசோடு, சொந்தக் காலில் நடந்து வர வேண்டும். தனக்கு மரியாதை கிடைக்கப்போகிறது என்று நம்பி வர வேண்டும். அவன் சிரித்தபோது அவளும் அப்படித்தான் நின்றாள், பாராட்டுக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு. அவள் அனுபவித்த அதே நிமிஷத்தை அவனுக்குத் திருப்பித் தருகிறாள். அளவு குறையாமல், கூடாமல். அதனால்தான் அவள் கோபப்படுவதே இல்லை. அன்பாகப் பேசப் பேசத்தான் பழி முழுசாகும்."

பள்ளியில் எத்தனை கெட்டிக்கார மாணவர்கள் இந்தக் கதையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்! ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன். தாளில் இருந்ததிலேயே பெரிய மார்க்கைப் போட்டு, 'எக்ஸலென்ட்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன். வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போதுகூட எனக்குள் ஒரே பெருமை. அந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிகிறது என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

3. சிவப்பு மை

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, செல்வராணி நான்கு பக்கத் தாளை மேசையில் வைத்தார். கல்யாணத்தில் மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்தும் எம்சி படிக்க வேண்டிய ஸ்கிரிப்ட். மாப்பிள்ளையோடு வேலை செய்யும் சீனர்களும் மலாய்க்காரர்களும் வருவார்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்.

"இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க டீச்சர். பெரிய கூட்டம். தப்பு இருந்தா மானம் போயிரும்."

எனக்குத் தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் மணமகள் வருகிற இடம். 'மணமகளின் தாய்மாமன், எங்கள் பாசத்திற்கும் பெருமதிப்பிற்கும் உரிய திரு. குணசேகரன் அவர்கள் மாலையோடு முன்னே வருமாறு அன்புடன் அழைக்கிறோம்.' அதற்கு அடுத்த வரி: 'தாய்மாமன் முறையில் மாலை அணிவித்து மணமகளை அழைத்துச் செல்பவர், திரு. மணியம் அவர்கள்.'

நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாத பெண்களுக்கு, உறவில் ஒருவரோ பழகிய ஒருவரோ அந்த முறைக்கு நிற்பார்கள். சொந்தத் தாய்மாமன் உயிரோடு, அதுவும் அந்த மண்டபத்திலேயே இருக்கும்போது இன்னொருவர் நிற்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேறு கல்யாணத்து ஸ்கிரிப்டைப் பார்த்து டைப் செய்ததில் பெயர் தங்கிவிட்டது என்று நினைத்து, மணியத்தின் பெயரை அடித்து, ஓரத்தில் 'டைப்பிங் பிழை' என்று எழுதினேன்.

"அது பிழை இல்ல டீச்சர்" என்றார் செல்வராணி.

"ரெண்டு பேரு இருக்கேம்மா."

"ரெண்டு பேருதான்."

மணியம் அவருடைய தொழிற்சாலையில் ஃபோர்மன். கணவர் இறந்தபோது வேலை வாங்கிக்கொடுத்தவர். உறவில்லை, செல்வராணி அவரை அண்ணன் என்று கூப்பிடுவார். மேலே கேட்காமல் இருந்திருக்கலாம். நான் கேட்டேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கணவர் இறந்து ஒரு வருஷம்கூட முடியாத சமயம். அண்ணன் குணசேகரன் ஆயர் குரோவில் வீடு வாங்கிப் புதுமனை புகுவிழா வைத்தார். விடியற்காலையிலேயே போய்க் கோலம் போட்டு, பால் காய்ச்ச அடுப்பு ஏற்பாடு செய்தது எல்லாம் செல்வராணி. அண்ணனும் அண்ணியும் வாசலுக்கு வந்தபோது, வழக்கம்போல ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னே போனார். கூடப்பிறந்தவள்தானே எடுப்பது. அண்ணன் அவர் கையிலிருந்த தட்டை வாங்கி, மச்சினி கையில் கொடுத்துவிட்டார்.

"'நீ வேணாம், பின்னாடி நில்லு'ன்னான் டீச்சர். மெதுவாக்கூட சொல்லல. வீடு முழுக்க ஆளு. எம்பொண்ணு பக்கத்துல நிக்குறா, அப்ப அவளுக்குப் பதிமூணு வயசு. நான் பின்னாடி போய் நின்னேன். சாப்பாடும் பரிமாறிட்டுத்தான் வந்தேன். ஒரு வார்த்தை பேசல."

"இப்ப அவருக்குப் பத்திரிகை வெச்சாச்சா?"

"மொதப் பத்திரிகையே அவனுக்குத்தான். தட்டு, பழம், வேட்டி, அண்ணிக்குப் பட்டுச் சேலை. ஒரு குறை வெக்கல. ஏழு தட்டு சீரோட வர்றானாம். வரட்டும். மாலையைக் கையில வெச்சிக்கிட்டு எல்லாரு முன்னாடியும் நிக்கட்டும். நான் தலையாட்டுனா எம்சி பொண்ணு அடுத்த வரியைப் படிக்கும். மணியம் அண்ணன் வந்து மாலையை வாங்கிக்குவாரு."

அவர் குரல், அன்றைக்கு வகுப்பில் பேசிய அதே குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இரண்டு கோடு இழுத்து மார்க் போட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் திட்டம் என் வகுப்புக்கு முன்பே அவர் மனத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கும் வரிசையும் என் வொர்க்‌ஷீட்டில்தான் கிடைத்தது. கை வேறு தட்டியிருந்தேன்.

"மணியம் இதுக்குச் சம்மதிச்சாரா?"

"எனக்காகச் சம்மதிச்சாரு. பாவம், அவருக்குத்தான் கொஞ்சம் பயம்."

4. ஒரு ஹோம்வொர்க்

புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது? அண்ணன் செய்தது கொஞ்சநஞ்சம் இல்லை. கணவனை இழந்தவள் கையில் தட்டு ஆகாது என்று எல்லார் முன்னாலும் சொன்ன ஒருவருக்காகப் பரிந்து பேச நான் யார்? அதைக் கேட்டபோது எனக்கே அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் தர்ஷினி நினைவுக்கு வந்தாள். ஒருமுறை அம்மாவைக் கூட்டிப்போக வகுப்புக்கு வந்திருந்தாள். கதவருகே நின்று, "டீச்சர், அம்மா கிளாஸ்ல சேட்டை பண்றாங்களா?" என்று சிரித்த பெண். மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கப்போவது அவள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஸ்கிரிப்டின் ஆங்கிலத்தைத் திருத்தி, நான் அடித்த பெயரைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு ஹோம்வொர்க்கும் கொடுத்தேன்.

"இந்தக் காட்சியை மணப்பொண்ணு சொல்ற மாதிரி எழுதிக்கிட்டு வாங்க. இருநூறு வார்த்தை. பாயின்ட் ஆஃப் வியூ எக்ஸர்சைஸ்."

"என்னா டீச்சர், கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இப்பப் போயி ஹோம்வொர்க்கா?"

"அடுத்த சனிக்கிழமை வேணும்."

கொண்டுவந்தார். இன்றும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 'என் மாமா மாலையோடு நிற்கிறார். இன்னொருவர் அதை வாங்குகிறார். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கிறேன். அம்மா சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை' என்று போகிறது. இலக்கணப் பிழை நான்கு. ஒவ்வொரு வரியும் உண்மை. படித்து முடித்தபோது என் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன்.

"நல்லா வந்துருக்கா டீச்சர்?"

"ரொம்ப நல்லா வந்துருக்கு."

"எனக்கும் எழுதறப்போ அழுகை வந்துச்சு. ஆனா மனசு மாறல டீச்சர். நீங்க எதுக்குக் குடுத்தீங்கன்னு எனக்குப் புரியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, மார்க்கைப் பார்த்துத் தாளை என்னிடமே விட்டுப் போனார்.

குணசேகரனைத் தேடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் தவித்தேன். ஆயர் குரோவில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமும் இல்லை. போகவில்லை. என்னை நம்பி ஒருவர் காட்டிய தாளை இன்னொருவரிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

5. மண்டபத்தில்

காலை முகூர்த்தம். நான் சீக்கிரமே போய் ஐந்தாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதல் வரிசையில் புது வேட்டி கட்டிய ஒருவர் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையையே நனைத்துவிட்டிருந்தார். மண்டபத்தில் ஏர்கான் குளிராகத்தான் இருந்தது. அவர்தான் மணியம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மேடைக்குக் கீழே, வலது பக்கம் தோழிகளோடு தர்ஷினி. இடது பக்கம் மைக்கோடு எம்சி பெண். அவளுக்குப் பக்கத்தில், மேடையில் ஏறாமல், ஒரு கருநீலப் பட்டில் செல்வராணி. பெண்ணைப் பெற்றவர் அங்கே ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார். அது யாரும் சொல்லி நின்றதல்ல. நம் வழக்கம் அவரை அங்கே நிறுத்தியிருந்தது.

எம்சி குணசேகரனை அழைத்தாள். பாசத்திற்கும் பெருமதிப்பிற்கும் உரிய என்று நான் ஆங்கிலத்தில் திருத்திக்கொடுத்த வார்த்தைகள் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டன. எனக்கு வெட்கமாக இருந்தது. வாசல் பக்கமிருந்து சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. பின்னால் குணசேகரன். தலை பாதி நரைத்த, கனத்த மனிதர். இரண்டு கையிலும் ரோஜா மாலையைத் தாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து மேடைக்கு முன்னால் நின்றார்.

எம்சி செல்வராணியைத் திரும்பிப் பார்த்தாள். செல்வராணி தலையை ஆட்டவில்லை. எம்சி தாளைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். மணியம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டதைப் பார்த்துப் பக்கத்து அம்மா, "தண்ணி வேணுமா?" என்றார்.

செல்வராணி நடந்து போனார். என் இடத்திலிருந்து அவருடைய முதுகுதான் தெரிந்தது. அண்ணனுக்கு எதிரே போய் நின்றார். அடுத்த நொடி மாலை அவர் கைக்கு மாறியிருந்தது. குணசேகரனின் கை இரண்டும் காலியாக, இன்னும் மாலையைத் தாங்குகிற மாதிரியே இருந்தது.

எம்சி பெண் பதற்றத்தில் மைக்கை அணைக்கவில்லை. செல்வராணியின் குரல் முன்வரிசைகளுக்கெல்லாம் கேட்டது.

"அன்னிக்கு எங்கையில இருந்த தட்டு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் குணசேகரன்.

"எம்பொண்ணுக்கு நான்தான் போடுவேன். நீ அவளை மேல கூட்டிக்கிட்டுப் போ."

மாலையை அவரே மகளுக்குப் போட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வயதான ஒரு அம்மா "என்ன இது!" என்று சத்தமாகவே சொன்னார். தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட, ஐயர் கையை ஆட்டி நிறுத்தினார். அந்தக் குழப்பத்தில் பாதி மண்டபம் சிரித்துவிட்டது. தர்ஷினி ஒரு கையால் மாமாவைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அம்மாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. மூன்று பேருமாகத்தான் படி ஏறினார்கள். ஓரமாக நின்றவர் அன்றைக்கு மேடையை விட்டு இறங்கவே இல்லை.

நான் அழுதேன். என் வயதில் கல்யாண வீட்டில் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை.

6. விருந்தாளி

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் குணசேகரன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கதானே தங்கச்சிக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற டீச்சர்? அந்தத் தாள்ல இங்கிலீஷ் நீங்க பாத்தீங்களாம்."

திருடும்போது பிடிபட்ட மாதிரி இருந்தது. ஆமாம் என்றேன். "உங்களுக்கு இன்னிக்குக் கஷ்டமாப் போச்சு" என்றேன்.

அவர் குழாயை மூடினார். "அவ பத்திரிகை வெக்க வந்தப்பவே தெரியும் டீச்சர். சின்னப் புள்ளையிலருந்து என்னை நீ, வா, போன்னுதான் பேசுவா. அன்னிக்கு வாங்க அண்ணே, அவசியம் வந்துரணும்னு அவ்வளவு மரியாதை. என்ன செய்யப் போறான்னு தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும். என் சம்சாரம் போக வேணாம்னு ஒரே சண்டை."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வராம? அவ பதினோரு வருஷம் நின்னா டீச்சர். நான் பத்து நிமிஷம் நிக்க மாட்டேனா?" என்றார். பிறகு, "மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனையோ தடவ அவ வீட்டு வாசல் வரைக்கும் காரை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன். வாய்தான் வராது" என்று சொல்லிவிட்டு, தட்டு எடுத்துவைக்க ஆள் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை செல்வராணி வகுப்புக்குக் கல்யாணப் பலகாரம் கொண்டுவந்தார். பாலா இரண்டு லட்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, மாலையை நீங்களே புடுங்கிப் போட்டீங்களாமே, சூப்பர் லா!" என்றார். அன்று வகுப்புக்கு என் காரில் வந்தபோது நான்தான் பாலாவிடம் சொல்லியிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

செல்வராணி என்னைப் பார்த்தார்.

"புடுங்குனேன்னா சொன்னீங்க டீச்சர்?"

"நான் பாத்தேனேம்மா."

"நீங்க எம்முதுகைத்தான் பாத்துருப்பீங்க. கேக்கணும்னுதான் போனேன். நாலு வார்த்தை கேட்டுட்டுத் திரும்பி வந்து தலையாட்டணும்னு. அவன் மொகத்தைப் பார்த்தேன். எல்லாம் தெரிஞ்ச மொகம். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள மாலையை நீட்டிட்டான். பொண்ணு பக்கம் இல்ல டீச்சர், எம்பக்கம்."

"அதனாலதான் மனசு மாறுச்சா?"

"நீட்டிக்கிட்டு நிக்குறான். நான் என்ன செய்ய?" என்றவர், கொஞ்சம் சிரித்து, "உங்க ஹோம்வொர்க்குனாலன்னு மட்டும் பெருமைப்பட்டுக்காதீங்க" என்றார். பட்டுக்கொள்ளத்தான் இருந்தேன்.

சான்றிதழ் கிடைத்தது, செல்வராணி இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறார். அண்ணனும் தங்கையும் பழைய மாதிரி ஆகிவிட்டார்களா என்று கேட்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. தீபாவளிக்கு அண்ணன் வந்தாராம். டீ குடித்துவிட்டு, மழை பெய்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாராம். எனக்கு அதுவே போதும் என்றார் செல்வராணி.

அந்தக் கதையை நான் இன்னும் நடத்துகிறேன். மூட் பற்றி, ஐரனி பற்றி, பழி பற்றி முன்பு சொன்னதையெல்லாம் இப்போதும் சொல்கிறேன். பரீட்சைக்கு அது வேண்டும். நீங்களும் சொல்லுங்கள். அதன் பிறகு ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேட்கிறேன். விருந்தாளிக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது? அந்தச் சீமாட்டிதானே சொல்கிறாள். அவள் முன்னால் வழிகாட்டிக்கொண்டு நடந்தவள். ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் குறைவதைப் பார்த்துக்கொண்டே அவன் ஏன் பின்னால் வந்தான் என்று அவள் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் நானும் பார்க்கவில்லை.